புறாமலைக்கு எப்ப போகலாம்? கூகுள் மப்பைக் கேட்பதா, விக்கியைக் கேட்பதா, வட்ஸ்அப்பைக் கேட்பதா?

"தம்பி, டிசம்பர் லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாறம். புறாமலைக்குப் போகலாம்தானே? கூகுளில ஒருத்தர் தண்ணி கண்ணாடி மாதிரி, மீனெல்லாம் காலடிக்கு வருது எண்டு எழுதியிருக்கிறார். அதுக்குக் கீழேயே இன்னொருத்தர், கலங்கின தண்ணி, ஒண்டும் தெரியேல்ல, காசுதான் வீண் எண்டு எழுதியிருக்கிறார். ஆர் சொல்றது பொய்?"

வவுனியாவிலிருந்து அத்தான் போனில் கேட்டது இது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. முதலாமவர் ஜூலையில் போனவர், மற்றவர் டிசம்பரில் போனவர். திருகோணமலை நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் இருக்கிறது புறாமலைத் தீவு. மே தொடக்கம் செப்டெம்பர் வரை அதைச் சுற்றிய கடல் குளம்போலக் கிடக்கும். முருகைக்கல்லும் (பவளப்பாறை) மீனும் முகமூடி போடாமலே தெரியும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் அதே கடல் கலங்கி எழும்பும், பல நாட்களில் படகே விடமாட்டார்கள். இதெல்லாம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மப்பில் இரண்டு கருத்தும் ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில் நிற்கின்றன. "5 மாதங்களுக்கு முன்", "ஒரு வருடத்துக்கு முன்" என்று பக்கத்தில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு குறிப்பு இருக்கும். அதை அத்தான் பார்க்கவில்லை. அநேகம் பேர் பார்ப்பதில்லை.

நான் திருமலை (திருகோணமலை) நகரத்தில் ஒரு சின்னக் கொமினிகேசன் நடத்துகிறேன். போட்டோக்கொப்பி, பிரின்ட், விண்ணப்பப் படிவம், மாணவர்களின் செயற்றிட்டம், இவைதான் தொழில். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது "இதை ஒருக்கா நெட்டில பார்த்துச் சொல்லுங்கோ" என்று வந்து நிற்பார்கள். அதனால் எந்தக் கேள்விக்கு எதைத் திறப்பது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு. நாங்கள் திறக்கிற இடங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது எங்களைப்போன்ற சனம் சம்பளமில்லாமல் எழுதி வைத்ததுதான். அதைக் குப்பை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சக்கர நாற்காலியில் இருக்கிற ஆச்சியைக் கோணேசர் கோயிலுக்கு எதுவரை வாகனத்தில் கொண்டுபோகலாம், கன்னியா வெந்நீரூற்றில் உடுப்பு மாற்ற ஒழுங்கான இடம் உண்டா என்பதை எந்தத் திணைக்களமும் எழுதி வைக்கப் போவதில்லை. நேற்றுப் போய் வந்த ஒரு தாய்தான் எழுதுவார். எழுதுகிறார்கள், பெரிய உபகாரம்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நான் இரண்டு கேள்வி கேட்பேன். இது எப்போது எழுதியது? பிழை என்றால், அந்தத் திருத்தம் இதே இடத்துக்கு வந்து சேருமா?

கூகுள் மப்பில் இருக்கிற நட்சத்திரங்கள்

தங்குமிடம், சாப்பாட்டுக் கடை, கடற்கரை, வாகனம் திருத்துகிற இடம், இவற்றுக்கு மப்பைத்தான் முதலில் திறக்கச் சொல்வேன். ஒன்றைப் பற்றி முப்பது பேர் எழுதியிருந்தால், ஒருவர் விட்டதை இன்னொருவர் சொல்லியிருப்பார். ஒரு பொய்க் கருத்து இருந்தாலும் அதற்குப் பக்கத்திலேயே மறுப்பும் நிற்கும்.

ஏமாறுகிற இடம் அந்தச் சராசரி எண்ணில்தான். என்னிடம் வந்துபோகிற ஒரு குடும்பம், பக்கத்து ஊரில் ஒரு விருந்தினர் விடுதியை 4.4 என்று பார்த்து முற்பணம் கட்டிப் போய், இரவு பதினொரு மணிக்கு வேறு இடம் தேடி அலைந்தது. தண்ணீர் வரவில்லை, கட்டில் விரிப்பு மாற்றியிருக்கவில்லை. அடுத்த நாள் கடையில் வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்து "மிகப் புதியவை" என்று வரிசைப்படுத்திப் பார்த்தோம். கடைசியாக எழுதிய பத்துப் பேரும் ஒன்று, இரண்டு நட்சத்திரம்தான் போட்டிருந்தார்கள். இடம் கைமாறிவிட்டது என்று ஒருவர் எழுதியும் இருந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 பேர் சராசரியாக 4.5 கொடுத்த இடத்துக்குப் புதிதாகப் பத்துப் பேர் 1.5 கொடுத்தால், மொத்தச் சராசரி 4.36க்குத்தான் இறங்கும். திரையில் 4.4 என்று காட்டும். இடம் முழுதாகக் கெட்டுப்போயிருக்கும், எண்ணில் 0.1தான் குறைந்திருக்கும்.

ஆகவே எண்ணை விட்டுவிட்டுப் புதியதிலிருந்து வாசியுங்கள். ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இரண்டும் மூன்றும் போட்டவர்களை முதலில் வாசிப்பது என் பழக்கம். அவர்கள்தான் "அறை நல்லது, ஆனால் பின்பக்க அறைக்குக் காற்று இல்லை" என்று பிரித்துச் சொல்வார்கள். "சூப்பர்" என்று ஒரு சொல்லோடு நிற்பதால் ஒரு பயனும் இல்லை. எழுதியவரின் பெயரைத் தொட்டால் அவர் வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று தெரியும். ஒரே நாளில் ஐந்து ஊரில் ஐந்து விடுதிக்கு முழு நட்சத்திரம் போட்டவர் அங்கெல்லாம் தங்கியிருக்க மாட்டார் என்று நானே முடிவெடுத்துக்கொள்வேன். படங்களில் உரிமையாளர் போட்டதைத் தாண்டி, வந்தவர்கள் எடுத்ததைப் பாருங்கள்.

விலை விஷயத்தில் இன்னும் கவனம். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், அந்த வருட மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. அதற்கு முன்பு எழுதிய படகுக்கூலி, அறை வாடகை, சாப்பாட்டு விலை எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். எழுதியவர் நேர்மையானவர்தான், அவர் கொடுத்த விலை இன்று இல்லை.

பாதையும் இப்படித்தான். வெளியூர்க்காரர் எழுதிய பழைய பயணக் குறிப்பு ஒன்றை வாசித்துவிட்டு, "கிண்ணியாவுக்குப் பாதை எத்தனை மணிக்கு?" என்று ஒரு பெடியன் கடையில் வந்து கேட்டான். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக் கரை சேர்க்கிற மிதவையை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தாயிற்று, 396 மீற்றர் நீளம், ஓட்டோவில் போனால் வாய்க்குள் போட்ட மிட்டாய் கரையமுதல் அக்கரை. அந்தக் குறிப்பு எழுதிய நாளில் சரியாகத்தான் இருந்திருக்கும். அதைத் திருத்த ஆள் இல்லை, கீழே "இப்போது பாலம் வந்துவிட்டது" என்று ஒருவர் எழுதவும் வழி இல்லை. அதனால் அது இன்னும் பாதைக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது.

விக்கிப்பீடியா: செயற்றிட்டம் கொண்டுவருகிற பிள்ளைகளுக்கு

தவணை முடிகிற காலத்தில் என் கடை நிறையப் பிள்ளைகள். கோணேசர் கோயில், பிரெட்ரிக் கோட்டை, கன்னியா, துறைமுகம் என்று தலைப்போடு வருவார்கள். "விக்கியில இருந்து எடுக்கக் கூடாது எண்டு டீச்சர் சொன்னவ" என்றும் சொல்வார்கள். டீச்சர் சொல்வதில் பாதி சரி. அப்படியே பிரதி பண்ணிப் பிரின்ட் எடுப்பது கூடாது. ஆனால் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, இரண்டாம் உலகப்போரில் திருமலை என்று எழுதிக் கொண்டுவந்தது. அதில் "எச்.எம்.எஸ். ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்தில் மூழ்கடிக்கப்பட்டது" என்று ஒரு வரி. எங்கே எடுத்தது என்று கேட்டேன். ஒரு காணொளியில் அண்ணன் ஒருவர் துறைமுகத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னாராம். விக்கிப்பீடியாவைத் திறந்தோம். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் திருமலைத் துறைமுகத்தைத் தாக்கியது உண்மை. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து ஹேர்மிஸ் முன்கூட்டியே துறைமுகத்தை விட்டுத் தெற்கே போய்விட்டது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில்தான் அது மூழ்கியது. இரண்டு விஷயமும் ஒரே நாளில் நடந்ததால், கேட்டுக் கேட்டுச் சொல்கிறவர்கள் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். விக்கியில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண் இருந்தது. அதைத் தொட்டால் எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்று காட்டியது. பிள்ளை அந்தப் புத்தகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு போனது. காணொளிக்காரரிடம் அப்படி ஒரு எண் இல்லை.

விக்கியிலும் பிழை வரும், மோசமாகவும் வரும். 2005இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோன் சீகன்தாலரின் பக்கத்தில், கென்னடி கொலையில் அவருக்கும் தொடர்பு என்று யாரோ விளையாட்டாக எழுதிவிட்டார்கள். நாலு மாதமளவில் அந்தப் பொய் அங்கேயே கிடந்தது. அதே வருடம் டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழ், 42 அறிவியல் கட்டுரைகளை விக்கியிலிருந்தும் பிரிட்டானிக்காக் கலைக்களஞ்சியத்திலிருந்தும் எடுத்து வல்லுநர்களிடம் கொடுத்தது. சராசரியாக ஒரு கட்டுரைக்கு விக்கியில் நாலு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று. பிரிட்டானிக்கா இந்த ஒப்பீட்டை ஏற்கவில்லை, கடுமையாக மறுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, பலர் வாசிக்கிற பக்கம் திருந்துகிறது, ஒருவரும் எட்டிப் பார்க்காத பக்கத்தில் பிழை குடியிருக்கிறது.

இது தமிழுக்கு முக்கியம். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் தன் பணி நேரம் போக இரவும் பகலும் இருந்து அதை வளர்த்த முன்னோடி. இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் எழுதுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். எங்கள் பக்கத்துச் சின்னக் கிராமம் ஒன்றின் பக்கத்தில் ஒரு பிழை இருந்தால், அதைக் கண்டுபிடிக்கிற ஆள் அந்தக் கிராமத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும். அவர் விக்கியைத் திறந்தும் பார்த்திருக்க மாட்டார்.

அதனால் நான் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுப்பது மூன்று இடம். மேலே "வரலாறு" என்று ஒரு தொடுப்பு இருக்கும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று வரிவரியாகத் தெரியும். "உரையாடல்" என்று இன்னொன்று, அங்கே சண்டை நடக்கும். கன்னியா, கோணேசர் கோயில் போன்ற இடங்களின் வரலாறு எங்கள் நாட்டில் வெறும் வரலாறு இல்லை. கன்னியா விஷயம் நீதிமன்றம்வரை போனது. இப்படிப்பட்ட பக்கங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். எது முதலில் சொல்லப்படுகிறது, எது விடுபடுகிறது என்பது அப்போதுதான் தெரியும். மூன்றாவது, அடியில் இருக்கிற மேற்கோள் புத்தகங்கள். அதில் ஈழத்துப் புத்தகம் ஏதும் இருந்தால் நூலகம் இணையத்தளத்தில் தேடுங்கள். 2005இலிருந்து தன்னார்வலர்கள் எங்கள் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கான் பண்ணி இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். அங்கே இருப்பது அந்தப் புத்தகமேதான், அதைப்பற்றி ஒருவர் சொன்னது இல்லை. செயற்றிட்டத்துக்கு முடிவான சான்று வேண்டுமென்றால் விக்கியோடு நிற்காமல் அங்கே போக வேண்டும்.

முகநூல் குழு: இந்த நிமிசத்துக்கு

2022இல் பெற்றோல் இல்லாத அந்த மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். எந்த பெற்றோல் செட்டுக்கு பவுசர் (எண்ணெய் லொறி) வருகிறது, வரிசை எதுவரை, மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதை எங்கள் ஊர் முகநூல் குழுக்களில் பார்த்துத்தான் நானும் போனேன். பத்திரிகையால் அதைச் செய்ய முடியாது, வானொலியாலும் முடியாது. "இப்ப வந்திட்டுது" என்று ஒருவர் போடுவார். அரை மணித்தியாலத்தில் அதே பதிவுக்குக் கீழே "முடிஞ்சுது, வராதீங்கோ" என்று இன்னொருவர் போடுவார். அந்தக் கடைசி வரிதான் எத்தனையோ பேரின் ஒரு மணிநேரத்தைக் காப்பாற்றியது. திருத்தம் அதே இடத்துக்கு வந்து சேருமா என்ற கேள்வி என் தலைக்குள் ஏறியதும் அந்த வரிசைகளில் நின்றபோதுதான்.

அதே குழுக்களில் இரத்தம் கேட்டு வருகிற பதிவுகளைப் பாருங்கள். "அவசரம், ஓ நெகட்டிவ் தேவை, தயவுசெய்து பகிருங்கள்." திகதி இல்லை. கடைக்கு வருகிற ஒரு பெடியன் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வேலையை விட்டுப் புறப்படத் தயாரானான். முதலில் நம்பருக்கு எடு என்றேன். எடுத்த அம்மா களைத்துப்போன குரலில், "தம்பி, அது போன வருசம். அவர் சுகமாகி வீட்டில இருக்கிறார். இன்னும் தினம் ஒரு நாலு பேர் எடுக்கினம்" என்றார். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் பகிரவில்லை. திகதி போடாததுதான் குறை.

குழுவை அந்த நேரத்துச் செய்திக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கரண்ட் எப்போது வரும், எந்த வீதியில் வெள்ளம், எந்த பஸ் ஓடவில்லை. டொக்டர் யார் நல்லவர், எந்த மருந்து குடிக்கலாம் என்று அங்கே கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

வட்ஸ்அப்பில் வருவது

இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

2020 டிசம்பர் 2ஆம் திகதி. புரெவிப் புயல் அன்றிரவு திருமலைக்கு வடக்கே கரையைக் கடக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லியிருந்தது. மாலை இருட்டுகிற நேரம், எங்கள் குடும்பக் குழுவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு ஆண், மூச்சு வாங்க, "கடல் உள்ளுக்குப் போகுது, கடற்கரைச் சனம் எல்லாம் ஓடுங்கோ." எந்தக் கடற்கரை, எத்தனை மணிக்கு, சொல்கிறவர் யார், ஒன்றுமே இல்லை.

2004 டிசம்பர் 26ஐப் பார்த்த கரைக்கு அந்த நாலு சொல் என்ன செய்யும் என்று வெளியூர்க்காரருக்கு விளங்காது. எங்கள் அம்மா ஆவணப் பையைக் கையில் எடுத்துவிட்டார். முழங்கால் வலியோடு, மழைக்குள், செருப்பும் போடாமல் படலைவரை போய்விட்டார். நான் 117க்கு அடித்தேன். இடர் முகாமைத்துவ நிலையத்தின் அந்த இலக்கம் கொஞ்ச நேரம் கிடைக்கவில்லை, பிறகு கிடைத்தது. சுனாமி எச்சரிக்கை ஒன்றும் இல்லை, வீட்டுக்குள் இருங்கள் என்றார்கள். குழுவில் அதைப் போட்டேன். அதற்குள் அந்தக் குரல் பதிவு வேறு எத்தனை குழுவுக்குப் போயிருக்கும்! என் திருத்தம் என் குழுவோடு நின்றுவிட்டது. அந்தக் குரலைக் கேட்ட மற்றவர்களிடம் அது போய்ச் சேர ஒரு வழியும் இல்லை. அன்றிரவு புயல் வந்தது, போனது. அம்மா விடியும்வரை நித்திரை கொள்ளவில்லை.

வட்ஸ்அப் நிறுவனமும் ஆபத்தை அறிந்துதான் இருக்கிறது. 2019 ஜனவரியில் ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுவுக்கு மேல் அனுப்ப முடியாது என்று உலகம் முழுவதும் கட்டுப்படுத்தினார்கள். 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரே ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். அப்படிப்பட்ட செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். அதைக் கண்டால் அனுப்பியவர் மாமாவாக இருந்தாலும், சொல்கிறவர் மாமா இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். "சித்தப்பா, இது நீங்கள் பார்த்ததா, வந்ததா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நான் கேட்கிறேன். முதலில் கோபித்தார், இப்போது "வந்தது" என்று மேலே எழுதி அனுப்புகிறார்.

நேரில் தெரிந்த ஆள், தான் பார்த்ததை, நேரம் இடத்தோடு சொன்னால் வட்ஸ்அப்பும் நல்லதுதான். வாழைச்சேனையில் நிற்கிற நண்பன் "ஆத்துத் தண்ணி றோட்டுக்கு வந்திட்டுது, மூண்டரை மணி" என்று படத்தோடு போட்டால் நான் பயணத்தை நிறுத்திவிடுவேன்.

காணொளி பற்றி அதிகம் சொல்ல இல்லை. கை வேலைக்கு அதைவிட நல்லது கிடையாது. தண்ணீர் மோட்டார் திருத்துவதையும் பிரின்டருக்கு மை நிரப்புவதையும் நான் அப்படித்தான் பழகினேன். அங்கே பிழை என்றால் மோட்டார் ஓடாது, உடனே தெரிந்துவிடும். வரலாறும் மருத்துவமும் சொல்கிற காணொளிக்கு அந்தச் சோதனை இல்லை. கீழே ஆயிரம் பேர் மறுத்து எழுதினாலும் காணொளியில் இருக்கிறவர் அதே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆகவே அத்தானுக்கு நான் சொன்னது இப்படி. தங்குமிடத்துக்கு மப், ஆனால் கடைசி ஆறு மாதத்தை மட்டும் வாசியுங்கள். மூத்தவளுடைய செயற்றிட்டத்துக்கு விக்கி, அங்கிருந்து நூலகம். வருகிற அன்று மழை எப்படி, றோட்டு எப்படி என்பதற்கு ஊர்க் குழு. வட்ஸ்அப்பில் வந்ததை வைத்து ஒன்றும் முடிவெடுக்க வேண்டாம், எனக்கு எடுங்கள். புறாமலை டிசம்பரில் வேண்டாம், ஓகஸ்ட் லீவுக்கு வாங்கோ. அவர் மனமில்லாமல் சரி என்றார். டிசம்பரில் கோணேசரையும் கன்னியாவையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் ஓகஸ்டில் வந்து புறாமலைக்குப் போய்த் திரும்பிய அன்று பின்னேரம், அத்தானின் மகள் என் போனை வாங்கி, உப்பு காயாத விரலால் மப்பில் தமிழிலேயே எழுதினாள். நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை:

"ஓகஸ்ட் மாதம் காலை 7.30க்குப் போனோம். தண்ணீர் தெளிவு. சின்னச் சுறா இரண்டு பார்த்தோம், ஒன்றும் செய்யாது. 10 மணிக்குப் பிறகு சனம் கூட. முருகைக்கல்லில் கால் வைக்க வேண்டாம், அது உயிர், உங்கள் காலும் வெட்டும். நிழல் குறைவு, அம்மம்மா படகடியில் இருந்தா. டிசம்பரில் வராதீர்கள், கடல் கலக்கம் என்று மாமா சொன்னார், மாமா திருமலைதான்."